பேஸ் கிட்டாரும் பறையும்: சென்னை மேடைகள் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி நாட்களிலிருந்து பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அதில் வீட்டு வாடகை வராது என்று தெரிந்ததும் லைவ் சவுண்ட் பக்கம் வந்தேன். இப்போது அதுதான் சோறு போடுகிறது. ராக், கானா, பறை, கர்நாடக ஃப்யூஷன் என்று எல்லாருக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தாம்பரம், கல்லூரி மாணவர்: அண்ணா, 'இண்டி' என்றால் என்ன? படத்தில் வராத பாட்டெல்லாம் இண்டியா?

யார் காசு போட்டார்கள், பாட்டு யார் பெயரில் இருக்கிறது. இந்த இரண்டையும் விசாரித்தால் போதும், தம்பி.

2018இல் செவன் அப்பும் சோனி மியூசிக்கும் சேர்ந்து 'மெட்ராஸ் கிக்' என்று ஒரு வரிசை வெளியிட்டார்கள். விவேக்–மெர்வின் செய்த 'ஒரசாத' அதில் வந்ததுதான். கல்யாண வீடு வரைக்கும் ஒலித்த நல்ல பாட்டு, எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் இசையமைத்தவர்கள் ஏற்கெனவே சினிமாவில் இருப்பவர்கள், பின்னால் ஒரு குளிர்பானமும் ஒரு பெரிய லேபிளும் நின்றன. அதைப் படத்துக்கு வெளியே வந்த பாட்டு என்பேன். தனியிசை, அதாவது இண்டி, என்று சொல்ல எனக்கு வாய் வராது. இசையமைப்பாளர் டென்மாவும், பாட்டெழுதிப் பாடும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' பேண்டைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதைச் சொன்னால் சினிமாவுக்குப் போனவர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. 'லா பொங்கல்' பேண்டில் இருந்த பிரதீப் குமாரும் தர்புகா சிவாவும் படங்களுக்குப் போனார்கள். ஷான் ரோல்டனும் அப்படித்தான். இந்த ஊரில் இசையை மட்டும் நம்பி மாதச் சம்பளம் மாதிரி ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் கோடம்பாக்கம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அது அவர்கள் குற்றமா, ஊரின் குற்றமா?

வியாசர்பாடி, ஆட்டோ ஓட்டுபவர்: இண்டி இண்டி என்கிறீர்களே, எங்க ஏரியா கானாவை அந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா?

சேர்ப்பதென்ன, முதல் வரிசையில் அதுதான் உட்கார வேண்டும். சொந்தமாக வார்த்தை கட்டி, லேபிள் இல்லாமல், ஸ்பான்சர் இல்லாமல், சாவு வீட்டில் விடிய விடியப் பாடி, பாடினவரிடமே காசு வந்து சேர்கிற இசை வேறு எது இருக்கிறது? இங்கிலீஷில் பாடும் பசங்கள் 'டிஐஒய்', அதாவது எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது, என்று பேசுவதற்கு முன்பே வடசென்னையில் அது நடந்துகொண்டிருந்தது. கேசட்டில் வந்தது, சிடியில் வந்தது, இப்போது யூடியூபில் வருகிறது. நகரத்தின் இசைப் பட்டியல் போடுகிறவர்கள் மட்டும் ரொம்ப நாள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அதை மாற்றியதில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து 2017இல் ஆரம்பித்த குழு அது. பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை இருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில், மொத்தம் 19 பேர்.

ரசிகர்கள் பாட்டைக் கேட்பார்கள். நான் அந்த மாதிரி மேடையைப் பார்த்தாலே மைக்கை எண்ணுவேன். பறை, தவில் மாதிரியானவை மைக்கே இல்லாமல் தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியங்கள். அவற்றைக் கிட்டார் ஆம்ப், டிரம் செட் பக்கத்தில் நிறுத்தினால் ஒவ்வொன்றும் அடுத்ததன் மைக்கில் போய் விழும், பாடுகிறவர் குரல் நடுவில் காணாமல் போகும். இடம் பிரித்து நிறுத்துவதுதான் பாதி மிக்ஸிங். இன்னொன்று, பறையின் தோல் சூட்டில்தான் விறைப்பாக நிற்கும். அதனால்தான் அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்சுகிறார்கள். ஏசி அரங்கில் இரண்டு பாட்டுக்குள் தோல் தளர்ந்து சத்தம் 'தொப்' என்று ஆகிவிடும். மேடை ஓரத்தில் தீ மூட்ட எந்த மேனேஜரும் விட மாட்டார். ஒருமுறை ஹாலஜன் விளக்கை எரியவிட்டு அதன் முன்னால் பறைகளை அடுக்கி வைத்துச் சமாளித்தோம். சபா கட்டும்போது வீணைக்கு இடம் யோசித்தவர்கள் பறைக்கு யோசிக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவில் இசைவாணி வந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உங்கள் ஏரியாவில் பாடுகிற பெண் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், அண்ணே. மேடை இருக்கும்போது கூப்பிடுகிறேன்.

அண்ணா நகர், ஐடி ஊழியர்: நாங்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பாடுகிறோம். சென்னையில் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் மூன்றும் இந்த ஊர் பேண்டுகள்தான். ஆனால் அவர்களைக் கேட்டவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் மும்பையிலும் இருந்தார்கள். பஸ் டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வையுங்கள்.

மடிப்பாக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியை: மார்கழிக் கச்சேரி தவிர வேறெங்கே போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாருக்கெல்லாம் வர முடியாது, தம்பி.

வர வேண்டாம் டீச்சர், பார்களில் பாட்டைவிட க்ளாஸ் சத்தம்தான் அதிகம். ஜூன் 21ஆம் தேதியை ஒட்டி நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் உலக இசை நாள் கொண்டாடுவார்கள், புதுப் பசங்கள் நிறையப் பேர் வாசிப்பார்கள். டிசம்பர் என்றால் நீலம் 2020இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'. கானாவும் ஒப்பாரியும் பறையும் மார்கழி மாதத்தில், மேடையில். பொங்கல் சமயத்தில் அரசின் சென்னை சங்கமம் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கிறது. கனிமொழி முன்னின்று 2007இல் தொடங்கியது, நடுவில் நின்றுபோய் 2023இல் திரும்ப வந்தது. கட்டணம் கிடையாது. நாட்டுப்புறக் கலைஞர்களை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு வாய்ப்பு இல்லை.

மயிலாப்பூர்ப் பக்கம் வந்தால் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மைக்கே இல்லாமல் குழந்தைகள் பாடுவதைக் கேளுங்கள். சவுண்ட்காரனுக்கு வேலையே இல்லாத கச்சேரி. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கர்நாடக இசை பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்புக்குள்ளேயே ஒரு விழா ஆரம்பித்தார்கள். அதன் தொடர்ச்சி மாதிரி 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றி 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. எழுதியது கபேர் வாசுகி, பாடியது கிருஷ்ணா. பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையில் பேச்சுத் தமிழ். ஒருமுறை கேட்டுவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்.

கே.கே. நகர்: எங்கள் பகுதியில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு இடத்தை மூடிவிட்டார்கள். இந்த ஊரில் மட்டும் ஏன் எந்த இடமும் நிலைப்பதில்லை?

வாடகை. அப்புறம் பத்து மணி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. அடைத்த அரங்குக்கு விலக்கு உண்டு. திருவிழா மாதிரி நாட்களில் வருடத்துக்கு 15 நாள் வரை, நள்ளிரவு வரைக்கும் மாநில அரசு அனுமதிக்கலாம். மொட்டைமாடியில் கச்சேரி வைப்பவர்கள் ஏழு மணிக்கு ஆரம்பிப்பதாகப் போஸ்டர் போட்டுவிட்டு எட்டரைக்கு முதல் பாட்டைத் தொடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். கூட்டம் சேர்ந்து, சாப்பாடு விற்று, வாடகை எடுப்பதற்குள் போலீஸ் வந்துவிடும். பத்து மணி விதியை நான் குறை சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும். நேரத்துக்கு ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெரம்பூர், கீபோர்டு வாசிப்பவர்: சொந்தப் பாட்டு வாசித்தால் காசே இல்லை, கவர், அதாவது அடுத்தவர் பாட்டு, வாசித்தால்தான் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது ப்ரோ?

இரண்டையும் செய்யுங்கள், வேறு வேறு பெயரில். கல்யாண ரிசப்ஷனில் இளையராஜா வாசிப்பது கேவலம் கிடையாது. இந்த ஊரின் நல்ல வாத்தியக்காரர்கள் பலர் லைட் மியூசிக் ட்ரூப்பில் தேறி வந்தவர்கள்தான். ஆனால் அதே முகத்தோடு அடுத்த வாரம் சொந்தப் பாட்டு என்று நின்றால், 'ப்ரோ, ஒரு ரஹ்மான் பாட்டு' என்று பின்னாலிருந்து குரல் வரும்.

காசுக் கணக்கில் ஒன்று. ஒரு பேச்சுக்கு, ஒரு நிறுவன விழாவுக்கு 60,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்து 54,000 வரும். வேன், சவுண்ட், ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூம் என்று 14,000 போனால் மிச்சம் 40,000, ஐந்து பேருக்குத் தலைக்கு 8,000. இதில் சண்டை எங்கே வருமென்றால், பேன் எண் கொடுத்தவர் கணக்கில் மொத்த 60,000மும் வருமானமாக ஏறிவிடும். அவர் ரிட்டர்ன் போடும்போதுதான் விழிப்பார். பங்கு பிரித்ததை வங்கி வழியாக அனுப்பி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்புற, செவ்வியல் நிகழ்ச்சி என்றால் ஒன்றரை லட்சம் வரைக்கும் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ராக் பேண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டுகிற வரை கவலை வேண்டாம். தாண்டினால் எனக்கு ட்ரீட் வையுங்கள்.

ஸ்ட்ரீமிங்கை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைகூட ஓடவில்லை என்றால் பைசா வராது. 2024இலிருந்து அப்படி.

ஆவடி, ராப் எழுதுபவர்: ஒரு லேபிள்காரர் காகிதம் நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா அண்ணா? பாட்டை முதலில் ரிஜிஸ்டர் பண்ண வேண்டுமா?

படிக்காமல் போடாதே, தம்பி. நான் போட்டேன். இருபத்திரண்டு வயதில், ஒரு பக்கக் காகிதம், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மூன்று பாட்டும் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காப்புரிமை, பாட்டை எழுதி ரெக்கார்டு செய்த நொடியிலேயே உன்னுடையது. நீ உயிரோடு இருக்கும் வரையும், அதற்கப்புறம் 60 வருடமும். அரசுப் பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் சாட்சியாக உதவும். இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய்க் கட்டணம்.

காகிதத்தில் மூன்றைப் பார். எத்தனை வருடம்? எழுதவில்லை என்றால் சட்டப்படி ஐந்து வருடம்தான். எந்த ஊர்களுக்கு? எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்று எழுதியிருப்பார்கள், அங்கேதான் பேனாவை மூட வேண்டும். மூன்றாவது ராயல்டி. 2012 திருத்தத்துக்கு அப்புறம், உரிமையை எழுதிக் கொடுத்தாலும் வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டியில் சரிபாதிப் பங்கை உன்னிடமிருந்து பறிக்க முடியாது. 'எல்லாவற்றையும் விட்டுத் தருகிறேன்' என்ற வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பாட்டு வெளிவந்ததும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகச் சேர். ரேடியோவில், ஓட்டலில் ஓடுகிற பாட்டுக்கு எழுதினவர் பங்கை வசூலிப்பது அவர்கள்தான்.

போரூர், ஒரு அம்மா: மகள் பத்தொன்பது வயது, ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறாள். ராத்திரி நிகழ்ச்சி என்றால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. என்ன சொல்வீர்கள்?

முதல் இரண்டு நிகழ்ச்சிக்கு நீங்களும் போங்கள் அம்மா, ரசிகையாக. சவுண்ட் செக் நேரத்திலேயே போனால் யார் யார் இருக்கிறார்கள், அவளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். திரும்பும் வண்டியை நிகழ்ச்சி பேசும்போதே பேசிவிடச் சொல்லுங்கள். கட்டணத்தோடு சேர்த்துக் கேட்பதில் வெட்கம் தேவையில்லை, டிரம்ஸ் வேறு கனம். பெண்களுக்கு உடை மாற்ற, கழிவறைக்கு ஒழுங்கான இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்கிற பேண்டை நான் பார்த்தது குறைவு. அவள் கேட்கட்டும். மற்ற பையன்களும் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், புத்தர் கலைக்குழுவின் மணிமாறனும் மகிழினியும் பறை சொல்லிக்கொடுக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளை அதில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தால் கை வேறு மாதிரி பேசும். ஒரு கையில் நீளமான சுண்டுகுச்சி, மறுகையில் தடித்த அடிகுச்சி. இரண்டு கையும் இரண்டு வேலை.

குரோம்பேட்டை: மேடையில் எங்களுக்கு எங்கள் சத்தமே கேட்பதில்லை. சவுண்ட்காரரைக் கேட்டால் முறைக்கிறார்.

நானும் முறைப்பேன். 'எல்லாத்தையும் ஏத்துங்க' என்று சொல்லியிருப்பீர்கள். மானிட்டரில், அதாவது உங்களைப் பார்த்து வைத்திருக்கிற ஸ்பீக்கரில், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அப்புறம் உங்கள் குரல் தானாக மேலே வரும். கிட்டார் ஆம்ப்பை முழங்காலுக்கு அடிப்பதற்குப் பதில் சாய்த்து, காதைப் பார்க்கிற மாதிரி வையுங்கள், வாசிப்பவரே சத்தத்தைக் குறைத்துவிடுவார். கேபிளும் பேட்டரியும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள். கீபோர்டில் 'டொர்ர்' என்று இரைச்சல் வந்தால், பாதி நேரம் குற்றவாளி முப்பது ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

மேற்கு மாம்பலம்: ரூமில் டிரம்ஸ் வாசிக்க முட்டை ட்ரே ஒட்டலாமா? கீழ்வீட்டு மாமா தினமும் கத்துகிறார்.

ஒட்டாதீர்கள். அது ரூமுக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போகிற சத்தத்தை ஒன்றும் செய்யாது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், இடுக்கு இல்லாமல் அடைக்க வேண்டும். கீழ்வீட்டுக்கு இறங்குவது பெரும்பாலும் கிக் டிரம் மிதிக்கிற அதிர்வு. தடித்த ரப்பர் மேட், அதன் மேல் பலகை, அதன் மேல் டிரம்ஸ் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ப்ராக்டிஸ் பேட் வாங்குங்கள். மாமா எத்தனை மணிக்குத் தூங்குவார் என்று முதலில் போய்க் கேட்டீர்களா?