14 மாதமாகியும் குழந்தை நடக்கவில்லை: உடல், உணர்வு, சமூக வளர்ச்சியை எப்படிப் புரிந்துகொள்வது?

மகனுக்கு 14 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, புதியவர்கள் தூக்கினால் வீறிட்டு அழுகிறான், ஒத்த வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை என்று மூன்று கவலைகளைச் சொல்லி, உடல், உணர்வு, சமூகம் ஆகிய மூன்று வகை வளர்ச்சியிலும் அவன் பின்தங்கிவிட்டானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவரல்ல, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவனை வளர்த்தபோது இதே கவலையில் பல இரவுகள் உறங்காமல் இருந்திருக்கிறேன். அதன் பிறகுதான் இதைப் பற்றி ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். நீங்கள் சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் மூன்றுமே அந்த வயதுக்கு உரியவை. இரண்டாவது, அவன் முன்னேறியிருப்பதற்கே அடையாளம்.

முதலில் நடை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த நிலைக்குப் போயிருக்கிறார்கள். கழுத்து நிற்பது, உட்காருவது, நிற்பது, நடப்பது என்று வளர்ச்சி தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வரிசை பொதுவானது. எந்த மாதத்தில் எது என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் செங்கீரைக்குப் (கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது) பின் சப்பாணி (உட்கார்ந்து கை கொட்டுவது), அதற்குப் பின் வருகை (நடந்து வருவது) என்று பருவங்களை அமைத்தபோது இந்த வரிசையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று நான் வியப்பதுண்டு. என் மூத்தவன் 16 மாதம் முடிந்த பிறகுதான் நடந்தான். யாராவது வாக்கர் வாங்கச் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபடும் ஆபத்து இருப்பதால் கனடா 2004ஆம் ஆண்டு அதன் விற்பனையையே தடைசெய்தது.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விரைவில் அந்தக் கவலையும் வரக்கூடும். பிறந்தபோது இருந்த எடை முதல் ஆண்டு முடிவில் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அதன் பிறகு வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இரண்டாம் ஆண்டில் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அழுகைக்கு வருகிறேன். ஏறத்தாழ 8 மாத வயதுக்கு முன்பு யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, பிறகு புதிய முகத்தைக் கண்டு அழுவதற்குக் காரணம், தன்னைச் சேர்ந்தவர் யார் என்பது அவன் நினைவில் உறுதியாகப் பதிந்துவிட்டதுதான். அது தவழத் தொடங்கும் காலமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். தானாகவே விலகிச் செல்லும் உடல்திறன் வரும்போதே, திரும்பி வரவேண்டிய இடம் எது என்ற உணர்வும் சேர்ந்து வலுப்பெறுகிறது. குழந்தை உளவியல் ஆய்வாளர்கள் ஜான் பௌல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் ஆகியோர் தாய் தந்தையோடு குழந்தைக்கு உண்டாகும் இந்தப் பிணைப்பை விரிவாக ஆராய்ந்தார்கள். தாயையோ தந்தையையோ பாதுகாப்பான தளமாகக் கொண்ட குழந்தைதான் துணிந்து விலகிச் சென்று உலகத்தை ஆராய்கிறது என்பது எய்ன்ஸ்வொர்த் வலியுறுத்திய கருத்து. ஆகையால் அவனைப் பழக்கப்படுத்துவதாக எண்ணி அழ அழப் பிறர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் மடியிலிருந்தபடியே அவன் புதியவரைப் பார்த்துப் பழகட்டும்.

உடலும் உணர்வும் உறவும் எப்படி ஒன்றாக இயங்குகின்றன என்பதைக் காட்டும் ஒரு சோதனை 1985ஆம் ஆண்டு வெளியானது. உறுதியான கண்ணாடித் தளத்துக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தோன்றும் ஒரு மேசையில் 1 வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டு, எதிர்ப்பக்கத்தில் தாயை நிற்கச் செய்தார்கள். பள்ளத்தின் விளிம்பை அடைந்த குழந்தைகள் தயங்கித் தாயின் முகத்தைப் பார்த்தனர். தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர்; அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூட வரவில்லை. இதைப் படித்த பிறகுதான், மூத்தவன் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் என் முகத்தில் எத்தகைய பதற்றம் இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

மூன்றாவது, விளையாட்டு. சேர்ந்து விளையாடுவதை 14 மாதக் குழந்தையிடம் எதிர்பார்க்க முடியாது. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விவரித்ததுபோல, சிறு குழந்தைகள் அருகருகே அமர்ந்து அவரவர் விளையாட்டைத் தனித்தனியே ஆடுகிறார்கள். விதி வகுத்து, பங்கு பிரித்துக்கொண்டு ஆடும் கூட்டு விளையாட்டு 3 வயதுக்குப் பிறகே மெல்ல வளர்கிறது. மற்றவர் மனத்தில் இருப்பது தன் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்ற புரிதல் ஏறத்தாழ 4 வயதில்தான் தெளிவாகிறது. கண்ணாமூச்சியில் 3 வயதுப் பிள்ளை தன் கண்ணை மூடிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்புவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே அவனுடைய சமூக வளர்ச்சியை இப்போது நீங்கள் தேடவேண்டிய இடம் வேறு: பறவையை விரலால் சுட்டிக்காட்டிவிட்டு நீங்களும் பார்த்தீர்களா என்று திரும்பி உங்கள் கண்ணைப் பார்க்கிறானா, கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டுகிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்பவற்றைக் கவனியுங்கள்.

அன்பு உடலையே வளர்க்கிறது என்பது வெறும் பேச்சில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ஊட்டச்சத்து ஆய்வாளர் எல்சி விடோசன் தொடர்ந்து அளந்தார். ஓர் இல்லத்துக்குக் கூடுதல் உணவு கொடுக்கத் தொடங்கிய அதே நேரத்தில், உணவு வேளையில் குழந்தைகளைக் கடிந்து அழவைக்கும் ஒரு கண்டிப்பான காப்பாளர் மற்ற இல்லத்திலிருந்து அங்கே பணிமாறி வந்தார். கூடுதல் உணவு பெற்ற அந்தக் குழந்தைகள், அது பெறாத மற்ற இல்லத்துக் குழந்தைகளைவிடக் குறைவாகவே எடை கூடினர். அந்தக் காப்பாளருக்குப் பிடித்தமான சிலர் மட்டும் நன்றாக வளர்ந்தனர். 1951ஆம் ஆண்டு வெளியான இந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் என் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இனி, எப்போது காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18 மாதம் நிறைந்தும் நடக்கவில்லை என்றாலும், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துகிறான் என்றாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரைக் கேட்டுத் திரும்புவதில்லை, எதையும் சுட்டிக்காட்டுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் 18 மாதம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். முன்பு பேசிய சொல்லையோ, செய்துகொண்டிருந்த செயலையோ குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாயினும் உடனே செல்லுங்கள். அவன் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறானா, பிடித்தபடியே பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கிறானா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை எழுதினால், என் மூத்தவன் அந்த நிலையிலிருந்து நடைக்கு வந்த விதத்தை விரிவாகச் சொல்கிறேன்.