அமெரிக்காவில் ஒரு காவலர் உரிமையை மீறினால் சாதாரண மனிதருக்கு நீதி கிடைக்குமா?

அமெரிக்க அரசியலமைப்பு குடிமக்களுக்கு வலுவான உரிமைகளைத் தருகிறது என்கிறார்களே, அந்த உரிமையை ஒரு காவலரே மீறினால் அவரை நீதிமன்றத்தில் நிறுத்திப் பதில் சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்று சட்டம் சொல்கிறது. மிகப் பலரால் நடைமுறையில் அது முடிவதில்லை. நான் அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் சில ஆண்டுகள் ஏழைகளுக்காக அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டராக இருந்தேன். இப்போது குடிமை உரிமை வழக்குகளை நடத்தி வருகிறேன். நீதிபதி ஒருவர் முழு விசாரணைக்குப் பிறகு அநீதியான தீர்ப்பு வழங்கி நான் பார்த்தது குறைவு. எந்த நீதிபதியின் காதுக்கும் எட்டாமலேயே உரிமை கைநழுவிப் போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். நீதிமன்றத்தின் பின்புறத் தடுப்பறையில் 19 வயது இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். கைது செய்யும்போது எதிர்த்துப் போராடினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. தன்னைத் தரையில் அழுத்தி அடித்துவிட்டு, அதை நியாயப்படுத்தவே அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்தினார்கள் என்பது அவர் தரப்பு. இடது புருவத்தில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது. ஜாமீன் தொகையைக் கட்ட வழியில்லாமல் மூன்று வாரமாக உள்ளே இருந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறையில் கழித்த நாட்களே தண்டனையாகிவிடும், மாலைக்குள் வீட்டுக்குப் போகலாம் என்றது அரசுத் தரப்பு. மறுத்தால் விசாரணை தொடங்கவே மாதங்கள் ஆகும். காவலரின் சட்டைக் கேமராவில் பதிவான காட்சி அதுவரை எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை.

ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். ஜூரி விசாரணை கோரும் உரிமையைக் கைவிடுகிறேன், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைக் கைவிடுகிறேன், எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒவ்வொன்றையும் படித்து, கட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்துகளை இட வேண்டும். அவர் அந்தக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே, நாளைக் காலையில் போய் நின்றால் வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

இது விதிவிலக்கான வழக்கு அல்ல. கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்றத் தீர்ப்புகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் இப்படிப்பட்ட ஒப்புதல்களால் வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012ஆம் ஆண்டில் குறிப்பிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பு, புளோரிடா சிறையிலிருந்து ஒரு கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில் பிறந்தது. அந்தத் தீர்ப்பின் மீது எனக்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு; என் முதல் வேலையே அதனால் உண்டானதுதான். ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளைச் சுமக்கும் வக்கீலால் அந்த இளைஞருக்கு ஒதுக்க முடிந்தது இருபது நிமிடம்.

அந்தக் கையெழுத்தோடு போனது அவருடைய விசாரணை மட்டும் அல்ல. ஒருவரின் குற்றத் தீர்ப்பு செல்லாது என்று பொருள்படக்கூடிய இழப்பீட்டு வழக்கை, அந்தத் தீர்ப்பு ரத்தாகும் வரை அவர் தொடுக்க முடியாது என்பது 1994ஆம் ஆண்டின் ஹெக் தீர்ப்பு. காவலரை எதிர்த்துப் போராடியதாக ஒப்புக்கொண்டவர், எதிர்க்காமல் இருந்த என்னை அடித்தார்கள் என்று பிறகு வழக்குப் போடுவது பெரும்பாலும் இயலாததாகிவிடும். வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம் என்று அரசுத் தரப்பு பேரம் பேசுவதும் எல்லாச் சமயத்திலும் சட்டவிரோதமாகாது என்று 1987ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் தாண்டி ஒருவர் வழக்குத் தொடுத்தால், அடுத்த தடை 'குவாலிஃபைட் இம்யூனிட்டி' எனப்படும் அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கூ க்ளக்ஸ் கிளான் வேட்டையாடியபோது, உள்ளூர் அதிகாரிகளும் அதற்குத் துணைபோனார்கள் என்பதால் 1871ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மாநில அதிகாரத்தைப் பயன்படுத்தி உரிமையை மீறுபவர் பாதிக்கப்பட்டவருக்குப் பொறுப்பாவார் என்பது அதன் சாரம். அதிகாரிகளுக்கு விலக்கு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. விலக்கைச் சேர்த்தது நீதிமன்றம்: 1967ஆம் ஆண்டில் நல்லெண்ணத்தோடு செயல்பட்ட காவலருக்கு என்று தொடங்கி, 1982ஆம் ஆண்டில், ஏற்கெனவே தெளிவாக நிலைநாட்டப்பட்ட, அதாவது முந்தைய தீர்ப்புகளில் உறுதியான, உரிமையை மீறினால் மட்டுமே அதிகாரி பொறுப்பு என்று அது இறுகியது.

'தெளிவாக நிலைநாட்டப்பட்ட' என்ற அந்தச் சொற்கள் படுத்தும் பாட்டை நாஷ்வில் நகர வழக்கு ஒன்றில் பாருங்கள். திருட்டுக்காகத் தேடப்பட்ட ஒருவர், தான் தரையில் உட்கார்ந்து இரு கைகளையும் உயர்த்தியிருந்தபோதே காவலர் நாயை ஏவிக் கடிக்க விட்டார் என்று வழக்குத் தொடுத்தார். சரணடைந்தவர் மீது நாயை ஏவுவது தவறு என்ற முன்தீர்ப்பு, இந்த வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே இருந்தது. ஆனால் அதில் சரணடைந்தவர் படுத்திருந்தார். இவர் உட்கார்ந்திருந்தார். அந்த வித்தியாசத்தை வைத்து 2018ஆம் ஆண்டில் காவலர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. காவலர் முழங்காலால் கழுத்தை அழுத்தியதில் ஜார்ஜ் ஃப்ளாய்டு இறந்து மூன்று வாரம் ஆன நிலையில், 2020 ஜூன் மாதத்தில், அந்த மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமை மீறப்பட்டதா என்ற கேள்விக்கே பதில் சொல்லாமல், முன்தீர்ப்பு இல்லை என்று மட்டும் கூறி வழக்கை முடிக்கலாம் என்று 2009ஆம் ஆண்டில் நீதிபதிகளுக்கு அனுமதி கிடைத்தது. அப்படி முடிக்கப்படும் வழக்கு, அடுத்து வருபவருக்கும் முன்தீர்ப்பாக உதவாது. என் தொழிலில் என்னை மிகவும் வாட்டும் விதி இதுதான்.

காவலருக்காவது வரம்பு உண்டு. நீதிமன்றத்தில் வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞருக்கு, அந்தப் பணியில் செய்வதற்கு 1976ஆம் ஆண்டிலிருந்து முழுப் பாதுகாப்பு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஜான் தாம்ப்சன் தன் 22ஆம் வயதில் கைதாகி, முதலில் ஒரு வழிப்பறி முயற்சி வழக்கிலும் பிறகு ஒரு கொலை வழக்கிலும் தண்டிக்கப்பட்டார். முதல் தண்டனையைக் காட்டி மடக்குவார்கள் என்பதால் கொலை வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. மரண தண்டனை கிடைத்தது. தண்டனையை நிறைவேற்ற 1999 மே மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அவர் தரப்புப் புலனாய்வாளர் ஓர் ஆய்வக அறிக்கையைக் கண்டெடுத்தார். வழிப்பறி நடந்த இடத்தில் குற்றவாளி விட்டுச்சென்ற இரத்தம் பி வகை. தாம்ப்சனுடையது ஓ வகை. அந்த அறிக்கையைத் தான் மறைத்ததாக, புற்றுநோயால் சாகும் நிலையிலிருந்த அரசு வழக்கறிஞர் ஒருவர் தன் நண்பரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். நண்பரும் ஐந்து ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் மறுவிசாரணையில் ஜூரி 35 நிமிடத்தில் தாம்ப்சன் நிரபராதி என்றது. சிறையில் 18 ஆண்டுகள். அதில் 14 ஆண்டுகள் மரண தண்டனைக் கைதியாக. இன்னொரு ஜூரி அவருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அதை முழுவதுமாக ரத்து செய்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்காத குற்றத்தை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் மீது சுமத்த இந்த ஒரு வழக்கு போதாது என்பது காரணம். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பைத் திறந்த நீதிமன்றத்தில் வாசித்தார். தாம்ப்சன் 2017ஆம் ஆண்டில் காலமானார்.

அரசு வழக்கறிஞரைப் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பிழை செய்தால் தேர்தலில் தோற்கடிக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மறைத்து வைத்த அறிக்கை எதற்கும் வாக்காளர் எப்படித் தீர்ப்பு எழுதுவார்? சிறையில் இருப்பவருக்கோ மிகப் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமையே இல்லை. மேலே போகப் போகப் பொறுப்பு இன்னும் மெலிகிறது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்கே பொருந்தும். குடியேற்றத் துறையினர் போன்ற கூட்டாட்சி அதிகாரிகள் மீது நேரடியாக வழக்குத் தொடுக்க 1971ஆம் ஆண்டில் திறந்த வழியை 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதிபரின் மையமான அரசியலமைப்பு அதிகாரங்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழு விலக்கு உண்டு என்று 2024 ஜூலை 1 அன்று தீர்ப்பானது.

மாநிலங்கள் சில இதற்கு மாற்றுத் தேடியிருக்கின்றன. கொலராடோ 2020ஆம் ஆண்டிலும் நியூ மெக்சிகோ 2021ஆம் ஆண்டிலும் தங்கள் மாநிலச் சட்டப்படி தொடுக்கும் வழக்குகளில் குவாலிஃபைட் இம்யூனிட்டி செல்லாது என்று சட்டம் இயற்றின. இலினாய் 2023ஆம் ஆண்டில் பண ஜாமீனையே ஒழித்தது. அந்த 19 வயது இளைஞர் அங்கே கைதாகியிருந்தால், பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக அன்று அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்திருக்க மாட்டார். கேமராப் பதிவு, அவர் கையெழுத்திட்டு நான்கு மாதம் கழித்து வந்தது. அதில் அவருடைய கைகள் தலைக்குப் பின்னால்தான் இருந்தன.

உங்கள் உறவினர் யாரேனும் இங்கே இப்படி மாட்டிக்கொண்டால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே குடிமை உரிமை வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள்; கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி காவல் துறைக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள்; காயங்களைத் தேதியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். வழக்குத் தொடுக்கும் கெடு கலிஃபோர்னியாவில் 2 ஆண்டு, நியூயார்க்கில் 3 ஆண்டு, டென்னசியில் 1 ஆண்டுதான்.