மனம் திறந்தால் மதிப்பு குறையுமா?

கேள்வி: வயது 26, ஐடி வேலை. நாலு பேர் முன்னால் பேசினால் கை வியர்க்கிறது, குரல் நடுங்குகிறது. என்னைப் பற்றிச் சொன்னால் ஒரு மாதிரி நினைப்பார்களோ என்று, மற்றவர்களைக் கேள்வி கேட்டுவிட்டு நழுவிவிடுவேன். ரீல்ஸ் பார்த்தால், எனக்கு ஆட்டிசமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மீட்டிங் இருந்தால், வாரத்தில் நான்கைந்து நாள், நண்பர் தந்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை போடுகிறேன்.

பதில்: வியர்வையும் நடுக்கமும் அட்ரினலின் செய்யும் வேலை. பதறினால் யாருக்கும் வரும், விடுங்கள். ரீல்ஸ் பார்த்து ஆட்டிசம் என்று முடிவு கட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்களைத் தெரிந்துகொண்டால் ஒதுக்கிவிடுவார்கள் என்பதுதானே உள்ளே இருக்கும் பயம்? நடப்பது நேர்மாறு. உங்களைப் போல, பிறர் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சும் கூச்சப் பதற்றம் (social anxiety) உள்ளவர்களைப் பற்றி 1993இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், எதிரில் இருப்பவர் மனம் விட்டுப் பேசியபோதும் இவர்கள் பட்டும் படாமலுமே பேசினார்கள். அப்படிப் பிடிகொடுக்காமல் பேசியவர்களைத்தான் எதிரில் இருந்தவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கேன்டீனில் ஒருவர், "அம்மாவுக்கு சுகர் ஏறிடுச்சு, ராத்திரி பூரா தூங்கல" என்கிறார். நீங்கள் "எந்த டாக்டர்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தால், தன் கவலையைச் சொன்னவர் தனியாக நிற்பார். "எங்க அப்பாவுக்கும் இப்படி ஆச்சு, ரொம்ப பயந்துட்டேன்" என்று ஒரு வரி போதும். அவர் சொன்ன அளவுக்கு நீங்களும் சொல்லுங்கள். முதல் நாளே முழுக் கதையும் வேண்டாம். பேசி முடித்ததும் 'உளறிவிட்டோம்' என்று தோன்றும், நம்பாதீர்கள். நாம் நினைப்பதைவிட அதிகமாகவே பிறருக்கு நம்மைப் பிடித்திருக்கிறது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கூச்சம் கூடுதலாக உள்ளவர்கள்தான் இதைப் பெரிதும் குறைத்துக் கணக்கிட்டார்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மாத்திரை. நண்பர் என்ன டாக்டரா? சில வாரங்களிலேயே அல்பிரசோலம் பழக்கமாகிவிடும். அப்புறம் அது இல்லாமல் வாய் திறக்க முடியாது என்று மனம் நம்ப ஆரம்பிக்கும். மாத்திரை இல்லாமலே பேச முடியும் என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே போய்விடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. அதற்காக நாளைக்கே தூக்கியெறியவும் வேண்டாம். இவ்வளவு அடிக்கடி போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும்.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாளாக, எத்தனை மி.கி. என்று மறைக்காமல் சொன்னால் படிப்படியாகக் குறைத்துத் தருவார். கூச்சப் பதற்றத்துக்கு, பயமுறுத்தும் எண்ணங்களையும் நழுவும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (CBT) நன்றாகவே பலன் தரும். தேவைப்பட்டால் பழக்கமாகாத மாத்திரைகளும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.