பயிற்சித் தலையில் வரும் கை, வாய்க்குள் ஏன் வருவதில்லை?

கேள்வி: நான் பல் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். பயிற்சிக்கூடத்துச் செயற்கைத் தலையில், கிரவுன் என்ற பல் உறையை மாட்டுவதற்காகப் பல் செதுக்கும்போது நன்றாகவே வருகிறது. நோயாளியின் வாயில் அதே வேலையைச் செய்தால் 'அண்டர்கட் இருக்கிறது', அதாவது சுவர் உள்வாங்கிக் கிரவுன் இறங்கத் தடையாக நிற்கிறது, என்று ஆசிரியர் திருப்பி அனுப்புகிறார். திருத்தப் போனால் பல் கூம்பாகிவிடுகிறது. முழுப் பல் செட் செய்துகொடுத்த நோயாளிகளுக்கோ மேல் செட் நிற்கிறது, கீழ் செட் மிதக்கிறது. இன்னும் எத்தனை பற்களில், எத்தனை செட்டுகளில் பழகினால் கை பழகும்? தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் காலத்தில் இதையெல்லாம் இவ்வளவு பாடுபட்டுக் கற்க வேண்டுமா?

பதில்: 'எத்தனை' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. ஒரே தவறோடு நூறு பற்களைச் செதுக்கினால் அந்தத் தவறுதான் நன்றாகப் பழகும். செயற்கைப் பல் கட்டும் துறைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இங்கே தவறு நுழைகிற கட்டம் ஒன்று, அது கண்ணில் படுகிற கட்டம் வேறு. அச்சு எடுக்கும் ட்ரேயின் விளிம்பில் செய்த பிழை, பல் செட்டைக் கையில் கொடுக்கும் நாளில்தான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், ஆசிரியரைக் கூப்பிடும் முன், அந்தக் கட்டத்தின் தவறை நீங்களே கண்டுபிடிக்கப் பழக வேண்டும். உங்களுக்குக் குறைவது அதுதான். கை ஓரளவு வந்துவிட்டது என்பது பயிற்சித் தலையிலேயே தெரிகிறதே.

முதலில் செதுக்கும் வேலை. பிளாஸ்டிக் பல் முழுக்க ஒரே கடினம் உடையது. வெளிப்படலமான எனாமலிலிருந்து உள்ளே டென்டினுக்கு இறங்கும்போது கைக்குத் தெரியும் மாற்றம் அதில் இல்லை. நாக்கு இல்லை, எச்சில் இல்லை, கன்னம் இழுப்பதில்லை. ஆனால் இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. பயிற்சித் தலையில் பற்கள் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கின்றன. உண்மையான வாயில் கீழ்க் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். முன்னால் ஒரு பல் எடுக்கப்பட்டிருந்தால் அந்த இடைவெளியை நோக்கியும் சாய்ந்திருக்கும். கிரவுன் எந்தத் திசையிலிருந்து இறங்கப் போகிறது என்பதை முடிவு செய்யாமலே, செதுக்கும் முனையான பர்ரை வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாதிரி வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையைப் பென்சிலால் பல்லின் பக்கவாட்டில் கோடாக வரைந்துவிட்டு உள்ளே வாருங்கள்.

பாதை முடிவானபின் கோணத்தை உங்கள் மணிக்கட்டிடம் விடாதீர்கள். கூம்பு வடிவ வைரப் பர்ரை அந்தப் பாதைக்கு இணையாகப் பிடித்தாலே, பர்ரின் சொந்தச் சரிவு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 6 டிகிரி குவிவைக் கொடுத்துவிடும். பாடநூல்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த எண் அது. நடைமுறையில் 10 முதல் 20 டிகிரி வரை ஏற்கத்தக்கது என்பதே இன்றைய நிலை. ஆகவே நீங்களாக எதையும் சாய்க்கத் தேவையில்லை. விரலை அதே தாடைப் பற்களின் மேல் ஊன்றிக்கொண்டு, பர் மாட்டிய ஹேண்ட்பீஸ், கை, முன்கை மூன்றும் ஒன்றாகப் பல்லைச் சுற்றி நகர வேண்டும். பல்லின் பின்பக்கம் வரும்போது மட்டும் மணிக்கட்டைத் திருப்புகிறவர்களுக்குத்தான் கூம்பு கிடைக்கும்.

அண்டர்கட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கண்களும் திறந்திருந்தால் ஒவ்வொரு கண்ணும் ஒரு பக்கச் சுவரை எட்டிப் பார்த்துவிடும்; உள்வாங்கிய சுவர்கூடச் சரியானதாகத் தோன்றும். ஒற்றைக் கண்ணால், கண்ணாடியைப் பல்லுக்குச் சற்று மேலே அசையாமல் பிடித்துப் பார்க்கும்போது, மார்ஜின் (செதுக்கல் முடியும் விளிம்பு) முழு வட்டமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் ஒரு மூலை தெரிகிறது என்றால், குற்றவாளி அந்தச் சுவர்தான். அந்த ஒரு சுவரை மட்டும், பர் பாதைக்கு இணையாக நிற்கும்படி வைத்துத் திருத்துங்கள். நீங்கள் இப்போது செய்வது, ஆசிரியர் 'அண்டர்கட்' என்றதும் நான்கு சுவர்களையும் ஒரு சுற்று சாய்த்துவிடுவது. குறை ஒரு சுவரில், தண்டனை நான்குக்கும்.

ஏற்கெனவே கூம்பாகிவிட்ட பல்லை என்ன செய்வது? உயரத்தைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லுக்குச் சுவர் உயரம் 4 மி.மீ., மற்றவற்றுக்கு 3 மி.மீ. இருப்பது நல்லது. அதற்கும் குறைந்து, குவிவும் அதிகமாகிவிட்டால் சிமெண்டை நம்பிப் பயனில்லை. பக்கச் சுவர்களில் பாதைக்கு இணையான பள்ளக் கோடுகள் வெட்டினால் கிரவுன் சுழன்று கழல்வது குறையும்.

எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதை ஊகிக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பர்ரே அளவுகோல். அதன் முனை விட்டம் எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். 1 மி.மீ. முனையைப் பாதிக்குமேல் பல்லுக்குள் இறக்காமல் ஓட்டினால் அரை மி.மீ. சாம்ஃபர், அதாவது வளைந்த விளிம்புப் படி, கிடைக்கும். பாதியைத் தாண்டினால் விளிம்பில் ஆதாரமில்லாத எனாமல் உதடு நிற்கும். வெட்டத் தொடங்கும் முன் சிலிக்கோன் புட்டியில் பல்லின் வடிவத்தைப் பதித்து, நடுவே அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியபின் பொருத்திப் பார்த்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசும் கிரவுனுக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வேண்டும், முழு உலோகத்துக்கு 1 முதல் 1.5 போதும்.

இவை எல்லாவற்றையும்விட நேர்மையான நடுவர் ஒன்றுண்டு: தற்காலிகக் கிரவுன். அதை ஒட்டும் முன் கேலிப்பரால் பல இடங்களில் கனம் அளந்து பாருங்கள். எங்கே மெலிந்து ஒளி ஊடுருவுகிறதோ, அங்கே நீங்கள் போதிய அளவு வெட்டவில்லை. எங்கே கழற்ற முடியாமல் பிடித்துக்கொள்கிறதோ, அங்கே அண்டர்கட். அச்சு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும். இன்னொன்று: நீங்கள் செதுக்கிய பல்லின் வார்ப்பில் நீங்களே மெழுகால் கிரவுன் செய்து பாருங்கள். மார்ஜின் எங்கே முடிகிறது என்று தெரியாமல் மெழுகோடு தடுமாறும் அந்த அரைமணி நேரம், நான் பத்து வகுப்பில் சொல்வதைவிட அதிகம் கற்றுத்தரும்.

இனி கீழ் செட். பற்கள் போனபின் கீழ்த் தாடை எலும்பு மேல் தாடையைவிட வேகமாகக் கரையும். நீண்டகால ஆய்வில் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 1972-இல் வெளியான அளவீடுகள் காட்டின. செட் உட்காரும் பரப்பும் மேல் தாடையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். போதாததற்கு, நாக்கு ஓயாமல் தள்ளும். மேல் செட் நிற்பதற்காக உங்களைப் பாராட்டிக்கொள்ள வேண்டாம். அண்ணம் உதவி செய்கிறது. கீழ் செட்டில்தான் நீங்கள் வேலையைக் கற்றீர்களா என்பது தெரியும்.

'மிதக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்போது எழும்புகிறது என்று பாருங்கள். வாயைத் திறந்த உடனே எழும்பினால், உதட்டுப் பக்கமோ கன்னப் பக்கமோ விளிம்பு நீண்டிருக்கிறது. நாக்கைத் தூக்கும்போது எழும்பினால் நாக்குப் பக்கத்து விளிம்பு. எதுவும் செய்யாமல் இருக்கும்போதே தளர்ந்திருந்தால் விளிம்பு குட்டையாகவோ அச்சு சரியாகப் பதியாமலோ இருக்கிறது. மெல்லும்போது மட்டும் ஆடினால் அச்சை விட்டுவிட்டுக் கடியைப் பாருங்கள். பேசும்போது பற்கள் ஒன்றோடொன்று தட்டி ஓசை எழுப்பி, ஈறு முழுக்க வலிக்கிறது என்றால் தாடை உயரத்தை அதிகமாக வைத்துவிட்டீர்கள். ஐந்து குறைகளும் நோயாளியின் வாயில் 'செட் நிக்கலை டாக்டர்' என்ற ஒரே வாக்கியமாகத்தான் வரும். அதைப் பிரித்துக் கேட்பதுதான் உங்கள் படிப்பு.

விளிம்புக் குறை பெரும்பாலும், அந்த நோயாளிக்கென்றே செய்யும் தனி ட்ரேயில் தொடங்குகிறது. ட்ரே விளிம்பு ஈறு மடிப்பிலிருந்து சுமார் 2 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான், சூடாக்கினால் இளகும் பச்சைக் குச்சி மெழுகு நிரப்பும். மாணவர்கள் தாண்டிப் போகும் சோதனை ஒன்று உண்டு. மெழுகு வைக்கும் முன் வெறும் ட்ரேயை வாயில் வைத்து, நோயாளியை நாக்கைத் தூக்கச் சொல்லுங்கள், பாதி வாய் திறக்கச் சொல்லுங்கள். ட்ரே எழும்பினால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மீண்டும் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் நீண்ட ட்ரேமேல் எவ்வளவு அழகாக விளிம்பு வடித்தாலும் அது தசையோடு சண்டையிடும் விளிம்புதான். பின்கோடியில் கடைவாய்க்குப் பின்னால் உள்ள மெத்தைபோன்ற திசுவை ட்ரே மூடுகிறதா என்றும் பாருங்கள். அங்கே குட்டையாக விட்டுவிட்டு ஒட்டும் பசையைப் பரிந்துரைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தாடை அளவு எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். முதியவரைக் களைத்துப்போன வேளையில் உட்காரவைக்காதீர்கள். முதல் வேலை, பற்களின் இடத்தில் நிற்கும் மெழுகு வரம்பின் அடித்தட்டு ஆடாமல் உட்காருகிறதா என்று பார்ப்பது. அது ஆடினால் அதன்மேல் எடுக்கும் எந்த அளவும் பயன்படாது. மூக்கு நுனியிலும் தாடையிலும் புள்ளி வைத்து, எச்சில் விழுங்கச் சொல்லி, 'ம்' என்று நீட்டச் சொல்லி, ஓய்வு நிலை உயரத்தை அளவிடுங்கள். கடித்த நிலை அதைவிட 2 முதல் 4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பாமல் 'ஸ்' ஒலி வரும் சொற்களைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். வரம்புகள் நெருங்கி வர வேண்டும், தொடக் கூடாது. பல ஆண்டுகள் பல் இல்லாமல் இருந்தவர்கள் தாடையை முன்னால் நீட்டிக் கடிக்கப் பழகியிருப்பார்கள். முதலில் கிடைத்த கடியை ஏற்றுக்கொண்டால், அந்தப் பழக்கத்தைத்தான், தாடை அசைவைப் போலச் செய்யும் ஆர்டிகுலேட்டர் கருவியில் ஏற்றுகிறீர்கள். நாக்கு நுனியை அண்ணத்தின் பின்புறம் வைத்து மூடச் சொல்லுங்கள். தாடை மீண்டும் மீண்டும் ஒரே இடத்துக்கு வந்தபிறகே வரம்புகளை இணையுங்கள்.

பல் அடுக்கி மெழுகில் போட்டுப் பார்க்கும் சந்திப்பை மாணவர்கள் அழகு பார்க்கும் சந்திப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறுகளை மலிவாகத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. ஆர்டிகுலேட்டரில் அழகாகச் சேரும் பற்கள் வாயில் சேரவில்லை என்றால், பற்களை இழுத்துத் தள்ளிச் சரிசெய்யாமல் தாடை அளவை மறுபடி எடுங்கள். மெழுகு அக்ரிலிக் பிளாஸ்டிக்காக மாறியபின் மிஞ்சுவது தேய்ப்பது ஒன்றுதான். கொடுத்த மறுநாளே நோயாளியை வரவழையுங்கள். வரும்போது செட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். கழற்றிப் பையில் கொண்டுவந்தால் புண் எங்கே என்று தேட முடியாது.

பகுதிப் பல் செட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வடிவமைப்பை ஆய்வகத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. வார்ப்பை, அண்டர்கட்டை அளந்து காட்டும் சர்வேயர் கருவியில் ஏற்றி நீங்களே வரையுங்கள். பல்லைப் பிடிக்கும் கோபால்ட் குரோமியம் கிளாஸ்ப் (கொக்கி) முனைக்கு 0.25 மி.மீ. அண்டர்கட் போதும், இழுத்துச் செய்த கம்பிக்கு 0.5 வரை போகலாம். கிரவுனில் விரட்டியடிக்க வேண்டிய அதே அண்டர்கட்டை இங்கே தேடிப் பிடித்துப் பயன்படுத்துகிறோம் என்பது புரிந்தால், இரண்டு பாடங்களும் ஒரே பாடம் என்பது தெரியும்.

ஸ்கேனர் இருக்கும் கல்லூரி என்றால் பயன்படுத்துங்கள். அண்டர்கட்டை நிறம் போட்டுக் காட்டிவிடும். ஆனால் திரையைப் பார்க்கும் முன், எந்தச் சுவரில் எவ்வளவு குறை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பாருங்கள். ஆசிரியரிடம் போகும்போதும் அப்படியே: 'சரியா?' என்று கேட்காமல், 'பின் சுவரில் குறை இருப்பதாக நினைக்கிறேன், நீங்களும் பாருங்கள்' என்று கேளுங்கள். உங்கள் மதிப்பீட்டுக்கும் அவர் மதிப்பீட்டுக்கும் உள்ள தூரம் குறைகிறதா என்பதைக் கவனியுங்கள். 'எத்தனை' என்ற உங்கள் கேள்விக்கு விடை அந்தக் குறிப்பேட்டில் இருக்கும்.

இம்ப்ளான்ட் பற்றி: பல்லில்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட்டுகளின் மேல் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தது 2002-இல். கவனியுங்கள், அதுவும் கழற்றி மாட்டும் செட்தான். அதற்கும் விளிம்பு வடிக்க வேண்டும், தாடை உயரம் எடுக்க வேண்டும், கடி சேர வேண்டும். கடி தவறிய செட்டை இம்ப்ளான்ட்டில் மாட்டினால், முன்பு மிதந்து தப்பித்த விசை இப்போது திருகிலும் இணைப்பிலும் இறங்கும்.