கடலூர், புதுச்சேரி முகத்துவாரங்களில் டாப்வாட்டர் லூர் எடுபடுமா?

டெக்சாஸ் கடற்கரை வீடியோக்களில் விடியற்காலையில் தண்ணீர் மேலேயே லூரை (மீன் மாதிரி செய்த பொய் இரை) ஓட்டி ஸீ ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்கிறார்கள், அந்த முறை நம் பக்கம் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நன்றாகவே எடுபடும். மீன்தான் வேறு. புள்ளி போட்ட அந்த ஸீ ட்ரவுட் நம் கத்தாளைக்குச் சொந்தம். மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும்தான் இருக்கிறது. இங்கே நமக்குக் கொடுவா, பாறை, சீலா. அந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பாருங்கள்: அவர்கள் எறிகிற இடத்தில் பெரும்பாலும் மடவை நெளிந்துகொண்டிருக்கும். மடவையில் ஒரு வகை அங்கேயும் இங்கேயும் ஒரே இனம். பென்சில் வடிவ லூர் அடிபட்ட மடவை மாதிரிதான் தண்ணீரில் தடுமாறுகிறது. அதனால் மடவை எங்கே என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தாழங்குடாவில் பெண்ணையாறு கடலைத் தொடும் இடம், கடலூர் முதுநகர் பக்கம் கெடிலமும் உப்பனாறும் சேர்கிற பகுதி, புதுச்சேரியில் சுண்ணாம்பாற்று முகம் இவையெல்லாம் நல்ல இடங்கள். போனவுடன் எறிய வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று தண்ணீரைப் பாருங்கள். மடவை ஒன்றிரண்டாகத் தன்பாட்டுக்குத் துள்ளினால் அதில் ஒன்றுமில்லை. கூட்டமாக ஒரே பக்கம் சிதறித் தெறித்தாலோ, கரையை ஒட்டி ஒடுங்கி நின்றாலோ கீழே ஏதோ துரத்துகிறது. அங்கே எறியுங்கள், கூட்டத்தின் நடுவில் விழாமல் அதன் ஓரத்தில் விழட்டும்.

நேரம் என்றால் விடியலுக்குச் சற்று முன்பிருந்து வெயில் ஏறும் வரை. நம் கரையில் அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், முகத்துவாரத் தண்ணீர் தகடு போலக் கிடக்கும். பகலில் கடல்காற்று ஏறிவிட்டால் மேலே சிறு அலை கிளம்பிவிடும். அப்போது பென்சிலை வைத்துவிட்டு, தண்ணீரில் சத்தம் போடும் பாப்பர் என்ற லூரைக் கட்டலாம். வத்தம் இழுக்கும்போது, அதாவது தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது, உள்ளே இருந்த பொடி மீனெல்லாம் வாய்க்காலோடு இறங்கும், பெரிய மீன் முகத்தில் காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் தண்ணீர் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். தை பிறந்து தண்ணீர் தெளியட்டும்.

இப்போது லூரை ஓட்டுவது. ராட் (தூண்டில் கம்பு) நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திப் பிடித்து, மணிக்கட்டால் சின்னதாக ஒரு தட்டு, உடனே நூலைத் தளர விடுங்கள், மறுபடி ஒரு தட்டு. தளர விடுவதுதான் முக்கியம். நூல் இறுகியே இருந்தால் லூர் நேராக வரும். தளர்ந்தால்தான் தலையை இடமும் வலமும் திருப்பும். நாலைந்து தட்டுக்கு ஒருமுறை அப்படியே நிறுத்துங்கள். கொடுவா பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் லூரை வாங்கும், அதாவது கவ்வும்.

வாங்கும்போது 'பொளக்' என்று சத்தம் வரும், தண்ணீர் குழிந்து தெறிக்கும். கை தானாக இழுக்கப் போகும். இழுக்காதீர்கள்! கண்ணால் பார்த்து இழுத்தால் லூர் அதன் வாயிலிருந்து பறந்து உங்கள் முகத்துக்கே வரும். மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ராடைத் தூக்குங்கள். தவறவிட்டாலும் லூரை உடனே சுருட்டி எடுக்க வேண்டாம், அதே தாளத்தில் ஓட்டுங்கள். திரும்பி வந்து அடிக்கிற மீன் நிறைய. டெக்சாஸ்காரர்களும் ட்ரவுட்டுக்கு இதையேதான் சொல்கிறார்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். 20 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), அதன் முன்னால் ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்) அளவு 40 பவுண்டு லீடர் (லூருக்கு முன் கட்டும் தடித்த நூல்), விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை பென்சில். லீடர் இல்லாமல் போகாதீர்கள், கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி நூலை அறுத்துவிடும். அதே காரணத்துக்காகச் செவுளுக்குள் விரலை விடவும் வேண்டாம். கொக்கியைக் கழற்ற நீள மூக்குக் கொறடு கட்டாயம்.

அப்புறம், முகத்துவாரம் வலைக்காரர்கள் பிழைக்கிற இடம். "அண்ணே, இந்தப் பக்கம் வலை கிடக்கா?" என்று கேட்டுவிட்டு எறியுங்கள். மூன்று முள் கொக்கி வலையில் மாட்டினால் அவருக்கு ஒரு நாள் பொழப்பு போகும். கேட்டால் நம்மைவிட நன்றாக இடம் காட்டுவார்கள்.

கொடுவா ஆணாகவே வளர்ந்து பின்னால்தான் பெட்டையாக மாறும். அதாவது பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் மீன், அதுவும் இந்த முகத்துவாரங்களை ஒட்டித்தான் முட்டையிடும். குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று போதும். பெரியது மாட்டினால் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியை எடுத்து, அது தானாக வாலடித்துக் கிளம்பும் வரை தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி பிடித்திருந்து விட்டுவிடுங்கள்.