வயதான குதிரைக்கு மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது, வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இருபது வயதைத் தாண்டிய காயடித்த குதிரை, காலை அகட்டி நின்று முக்குகிறது, மூத்திரமும் கலங்கலாக வருகிறது என்கிறீர்கள். கலங்கலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தீனியில் மிஞ்சிய கால்சியத்தைக் குதிரை மூத்திரத்தில்தான் கழிக்கும், கூடவே கோழையும் சேரும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் குதிரை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், மணலில் காய்ந்ததும் வெள்ளையாகப் படியும் என்பார்கள். கொஞ்ச நேரம் கிடந்தபின் செம்பழுப்பாக மாறினாலும் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் போகும்போதே ரத்தமாகவோ காபி டிக்காஷன் நிறத்திலோ வந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

முக்குவதுதான் எனக்குக் கவலை. முதலில் குறியின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூத்திரத் துவாரத்தைச் சுற்றியுள்ள குழியில் அழுக்கு திரண்டு, மொச்சைக்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். காயடித்த குதிரைகளில் இது சகஜம். உதைக்கிற குதிரை என்றால் மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும், நீங்களாக நகத்தால் நோண்டாதீர்கள்.

அது இல்லையென்றால் மூத்திரப்பையில் கல்லாக இருக்கலாம். நடந்து, ஓடி வந்தபின் ரத்தம் கலந்து போனால் சந்தேகம் இன்னும் கூடும். மருத்துவர் மாட்டுக்குச் சினை பார்க்கிற மாதிரி ஆசனவாய் வழியே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். ஊரில் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கைப்பிடி அளவுக்கு வளரக்கூடிய சுண்ணாம்புக் கல் அதில் கரையாது, நாள்தான் வீணாகும். பெட்டைக்கு மூத்திரக் குழாய் அகலம் என்பதால் சில சமயம் கையாலேயே எடுத்துவிடலாம், ஆணுக்குப் பெரும்பாலும் அறுவைதான்.

முக்காமல் தன்போக்கில் ஒழுகினால் கதை வேறு. பை தளர்ந்து முழுசாகக் காலியாகாது, அடியில் சேறுபோல வண்டல் தங்கும். குழாய் விட்டுக் கழுவலாம், ஆனால் திரும்பத் திரும்ப வரும். பின்னங்கால் தோல் வெந்து ஈ மொய்க்கும், விட்டால் புழு வைத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

அப்புறம் தண்ணீர். நம் கடற்கரையில் பல கிணறு உப்பு. கரித்தால் குதிரை குறைவாகத்தான் குடிக்கும், மூத்திரமும் கெட்டிப்படும். குடிக்க மட்டுமாவது லாரித் தண்ணீர் வாங்கி வையுங்கள். தண்ணீர் வற்றிய உடம்புக்கு மருத்துவரைக் கேட்காமல் வலி ஊசி போட்டால் சிறுநீரகம் கெடும். இதைச் சொல்லாமல் ஊசி போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அதற்கு நேர்மாறாக வாளி வாளியாகக் குடித்து நிறையப் போய், கோடையிலும் முடி உதிராமல் சடையாக நின்றால், கிழக் குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்தமாக அடைத்துக்கொண்டு, வயிற்றைத் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைத் தட்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவருக்கோ, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கோ உடனே போன் போடுங்கள். கடைசியாக எப்போது போனது, என்ன நிறம், எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று அவர்கள் கேட்பார்கள். இன்றிலிருந்தே குறித்து வையுங்கள்.