தம்பியின் மனநோயைச் சொன்னால் கேஸ் கெட்டுப்போகுமா?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறேன். தம்பிக்கு 36 வயது. 2009இல் வன்னியிலிருந்து வந்தபோது பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். இங்கே வந்து அகதித் தஞ்சம் கேட்டிருக்கிறார். ஆறு கிழமையில் பெரிய இன்டர்வியூ. இரவில் நித்திரை இல்லை, கதவைப் பார்த்தபடியே இருக்கிறார். ஹோம் ஒபிஸ் (பிரிட்டிஷ் உள்துறை அமைச்சு) கடிதங்களைப் பிரிக்காமல் மெத்தைக்குக் கீழே வைத்திருந்ததைப் போன கிழமைதான் கண்டேன். திகதிகளை மாற்றி மாற்றிச் சொல்வதால் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைக்கிறேன். “மூளை சரியில்லை என்று தெரிந்தால் விசா தரமாட்டாங்கள்” என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். வைத்தியரிடம் காட்டலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கடிதங்களை இன்றைக்கே பிரித்து சொலிசிட்டரிடம் கொடுங்கள். இன்டர்வியூவுக்குக் காரணம் சொல்லாமல் போகாவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து, சொந்தக்காரர் சொல்வது பிழை. மனநோய் இருக்கிறது என்பதற்காகத் தஞ்சத்தை மறுக்க பிரிட்டிஷ் சட்டத்தில் இடமில்லை. மறைத்தால்தான் ஆபத்து. நோய் பற்றி ஒரு வரியும் இல்லாத கோப்பில் திகதி மாறினால், அதை வாசிக்கிற அதிகாரிக்கு அது பொய்யாகத்தான் தெரியும்.

பாடமாக்குவதை நிறுத்துங்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கேஸ்கள் இப்படித்தான் கெட்டுப் போகின்றன. “நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு பிடித்தார்கள்” என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய ஞாபகம். அக்கா எழுதிக் கொடுத்த “2009 ஓகஸ்ட் 24” அவருடையது அல்ல. இரண்டாவது கேள்வியிலேயே குழம்பிவிடும். வருடம் ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லட்டும்.

ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். விசா இல்லாதவரும் பதிவு செய்யலாம், காசு இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். அக்காவுக்கு முன்னால் சொல்ல முடியாதவை அவருக்கு இருக்கலாம். இன்னொன்று. நம் ஆட்கள் “நெஞ்சு அடைக்குது, தலைக்குள்ள இரையுது” என்பார்கள். அது நெஞ்சுநோவு என்று பதியப்பட்டு, இதயப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடுவார்கள். நித்திரையின்மை, கெட்ட கனவு, சாக வேண்டும்போல இருக்கிற நினைப்பு இருந்தால் அதையும் நேராகச் சொல்ல வேண்டும்.

ஜீபியின் குறிப்பு தொடக்கம்தான். கேஸைத் தாங்குவது சட்ட மருத்துவ அறிக்கை: சித்திரவதைக் காயங்களையும் மனநிலையையும் இஸ்தான்புல் நெறிமுறைப்படி (சித்திரவதையைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டி) பரிசோதித்து எழுதுவது. நம் ஆள் ஒருவரின் வழக்கிலேயே இது சோதிக்கப்பட்டது. முதுகில் சூட்டுத் தழும்புகளோடு வந்த இலங்கைத் தமிழர் ஒருவர், தன் சம்மதத்தோடு யாரையோ கொண்டு சூடு போடுவித்திருக்கலாம் என்று குடிவரவு மேன்முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயம் சந்தேகித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. சட்ட உதவி கிடைத்தால் அறிக்கைச் செலவு அதிலேயே அடங்கும். ஆனால் காத்திருப்பு நீளம். ஆறு கிழமைக்குள் கிடைப்பது கடினம். அதனால் சொலிசிட்டர் இப்போதே ஹோம் ஒபிசுக்கு எழுதி, இன்டர்வியூவைத் தள்ளிப்போடக் கேட்க வேண்டும். தள்ளாவிட்டாலும் இடைவேளைகள், ஆண் அல்லது பெண் அதிகாரி என்ற தெரிவு, ஒலிப்பதிவு எல்லாம் கேட்கலாம். படிவம் நிரப்பித் தருகிற “தெரிந்த அண்ணை”யிடம் போகாதீர்கள். தகுதி இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம்.

மறுத்துவிட்டால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். அங்கே தம்பியை எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சியாக நடத்தச் சொல்லிக் கேட்க முடியும். வழக்கு என்னவென்றே விளங்காத நிலையில் அவர் இருந்தால், அவர் சார்பில் முடிவெடுக்க ஒருவரைத் தீர்ப்பாயமே நியமிக்கலாம். 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அக்கா என்ற முறையில் அது நீங்களாகவும் இருக்கலாம்.

திருப்பி அனுப்பினால் உயிரை மாய்த்துக்கொள்வார் என்ற ஆபத்தும் தனியான சட்டக் காரணம். இதில் முக்கியமான தீர்ப்புகள் இலங்கைத் தமிழர்களின் வழக்குகளிலேயே வந்தவை. 2009 தீர்ப்பின்படி, பயத்துக்கு இன்று வெளியில் ஆதாரம் இல்லாவிட்டாலும், அந்தப் பயம் உண்மையானதாக இருந்து அதனால் உயிருக்கு ஆபத்து என்றால் அது கணக்கில் வரும். அங்கே சிகிச்சை கிடைக்குமா என்பதும் பார்க்கப்படும்: 2013இல் தீர்ப்பாயம், இலங்கை முழுவதற்கும் 25 மனநல மருத்துவர்களே வேலை செய்வதாகப் பதிவு செய்தது. அந்தக் கணக்கு பழையது, புதிய ஆதாரம் சொலிசிட்டர் தேட வேண்டும்.

நீங்களும் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். “மனநிலை பாதிக்கப்பட்டுள்ளார்” என்ற பெரிய வார்த்தை வேண்டாம். மெத்தைக்குக் கீழே எத்தனை கடிதம், கதவுப் பக்கம் எத்தனை மணிவரை இருக்கிறார், பெல் அடித்தால் எங்கே போகிறார்: கண்டதை மட்டும் எழுதுங்கள். பிரித்த உறைகளையும் எறிய வேண்டாம்; முத்திரைத் திகதி தேவைப்படும்.

இடையில் அவர் சாவைப் பற்றிப் பேசினால் சொலிசிட்டருக்காகக் காத்திருக்காதீர்கள். 111ஐ அழைத்து 2ஐ அமுக்குங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.